பூ இருந்தும் செத்துப்போன டயர்

இப்பக்கத்தில் வழக்கமாகப் பாடநூல், பயிற்றுத்துணைப்பொருள், தேர்வு என்றே எழுதி வருகிறேன். இன்று மோட்டார் சைக்கிள் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் பொறுத்தருள்க. தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் டயர் அவ்வளவு அயலான பொருளன்று.

நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ஒரு தோட்டத்தின் உள்ளே இருக்கிறது. என் வீட்டிலிருந்து 19 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதன்பின் 4 கிலோமீட்டர் செம்மண் சடக்கு. ஒரு காலத்தில் அதன் இருபுறமும் பால்மரங்கள் நின்றன, இப்போது செம்பனை. பழக்குலை ஏற்றிச் செல்லும் லோரிகள் போட்ட பள்ளங்களில் மழைநாளில் நீர் தேங்கிவிடும். பழைய மோட்டாரில் இருமுறை சேற்றில் புரண்ட பிறகு, தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான 150 சி.சி. 'ஸ்கிராம்ளர்' ஒன்றை வாங்கினேன். ஆசிரியர் சம்பளத்தில் புதியது கட்டுப்படியாகவில்லை. ஆகவே, பிறர் ஓட்டிய வண்டி.

டயரின் மேற்பரப்பில் இருக்கும் வரிப்பள்ளங்களை மலாய்மொழியில் 'புங்கா', அதாவது பூ என்பார்கள். அழகான சொல். நானும் இக்கட்டுரையில் அப்படியே அழைக்கிறேன். வண்டியை வாங்கியபோது பூவைத்தான் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. மூன்றாம் மாதம், மழை தூறத் தொடங்கிய ஒரு காலைப்பொழுதில், சாலைவிளக்குச் சந்திப்பில் மெதுவாகப் பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் வழுக்கியது, விழுந்தோம். பின்னால் என் மகள் அமர்ந்திருந்தாள். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் வந்த மகிழுந்து சற்றுத் தள்ளியே நின்றது எங்கள் நற்பேறு. விழுந்தது சேற்றில் அன்று என்பதைக் கவனியுங்கள். நல்ல தார்ச்சாலையில்.

டயரைக் கழற்றிய கடைக்காரர் அதன் மேல் விரல்நகத்தை அழுத்திக் காட்டினார். நகம் பதியவில்லை. "பூ இருக்கு சார், ஆனா ரப்பர் செத்துப்போச்சு" என்றார். பிறகு மூன்று புது டயர்களை உருட்டிவந்து நிறுத்தி, எது வேண்டும் என்று கேட்டார். ஒன்று, கட்டைகட்டையாகப் பெரும் பூ உடையது. இன்னொன்று, ஆழமற்ற வரிகளோடு தார்ச்சாலைக்கென்றே செய்தது, விலை மலிவு, "கல்லு மாதிரி சார், தேயவே தேயாது" என்ற நற்சான்றும் அதற்குக் கிடைத்தது. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவான பூ. மலிவானதைக் காட்டிலும் 60 ரிங்கிட் அதிகம். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு படித்ததும் முன்பே வகுப்பில் கற்பித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

முதலில் பூவின் கதை. காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். வாங்க ஆளில்லை, உலகம் மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டிக்காக அதையே புதிதாகச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். முன்னவரின் பத்திரம் வெளிப்பட்டதும் பின்னவருடைய உரிமை செல்லாமற்போயிற்று. ஆனால் பெயர் நிலைத்தது டன்லப்புக்குத்தான்.

அக்காலத்து டயர்கள் பெரும்பாலும் வழவழப்பானவை; நிறமும் வெளிறியது. மகிழுந்துகள் பெருகி, ஈரச்சாலையில் வழுக்கத் தொடங்கிய பிறகே பூ அவசியமாயிற்று. 1908இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் செய்த வேடிக்கையை மாணவர்களிடம் சொன்னால் மகிழ்வார்கள்: 'ஃபயர்ஸ்டோன்', 'வழுக்காது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களையே புடைப்பெழுத்துகளாக டயரைச் சுற்றி வார்த்தார்கள். எழுத்துகளே பூ! போகுமிடமெல்லாம் ஈரமண்ணில் விளம்பரமும் பதிந்தது. கறுப்பு நிறம் வந்ததற்கு அழுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்பது காரணமன்று. 1904இல் இலண்டனின் சில்வர்டவுன் பகுதியில் இருந்த ஆலையில், கரித்தூளை இரப்பரோடு கலந்தால் அது பன்மடங்கு உறுதியாகிறது என்று கண்டார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் உலகத்து டயர்கள் கறுத்தன.

இனி இரப்பரின் கதை. இது நம் வீட்டுக் கதை. ஆகவே சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

வெறும் இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது பதப்படுகிறது என்று கண்டறிந்தார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் நண்பர்கள் அதன்முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

மரம் வந்துவிட்டது, பாலெடுக்கும் முறை வரவில்லை. அமேசான் காட்டில் கோடரியால் வெட்டி எடுத்தார்கள். மரம் புண்பட்டு வீணாகும். 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறந்தால் மரம் பல்லாண்டு பால் தரும் என்று காட்டினார். காப்பித் தோட்டக்காரர்களிடம் விதையைக் கொடுத்து நடச்சொல்லி அவர் அலைந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டமும் கிடைத்தது. 1890களின் நடுவில்தான் மலாக்காவில் டான் சே யான் போன்ற சிலர் துணிந்து நட்டார்கள். 1908இல் ஃபோர்டின் மலிவு மகிழுந்து வந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடுகள் விழுந்தன, கங்காணிகள் கப்பலேறித் தமிழகம் போனார்கள், நம் பாட்டன்மார் வந்தார்கள். உலகம் டயர் கேட்டது என்பதே அதன் முழுப்பொருள். கேட்பது குறைந்ததும் என்ன நடந்தது? 1932இல் அதே ஓர் இராத்தல் மூன்று பென்ஸுக்கும் கீழே விழுந்தது. வேலையிழந்த பல்லாயிரம் தமிழர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பப்பட்டனர்.

என் தாயாரும் பால்வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். ஏன் இருட்டில் போகவேண்டும் என்பது எனக்குச் சிறுவயதில் விளங்கவில்லை. குளிர்ந்த வேளையில்தான் பால் நெடுநேரம் வடியும்; வெயில் ஏறினால் நின்றுவிடும். மரத்தின் குணம் மனிதர்களின் உறக்கத்தைத் தீர்மானித்தது. மங்கில் உறைந்துபோன கட்டிப்பாலைச் சாக்கில் அள்ளிச் சுமந்துவரும்போது அதன் நாற்றம் வீடுவரை தொடரும். அதைத் தாழ்ந்த சரக்கு என்றே நினைத்திருந்தேன். உண்மையில், 1965இல் மலேசியா தரக்கட்டுப்பாட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்து இரப்பரைக் கட்டிகளாக விற்கத் தொடங்கிய பிறகு, டயர் ஆலைகள் பெருமளவில் வாங்கியது அந்த நாற்றம்பிடித்த கட்டிப்பாலிலிருந்து செய்த இரப்பரைத்தான். நான் தொடக்கப்பள்ளியில் படித்த 1980களில் இயற்கை இரப்பர் உற்பத்தியில் உலகில் முதலிடம் மலேசியாவுக்கே.

ஆனால் இன்றைய டயர் மரத்துப் பாலால் மட்டும் ஆனதன்று. அதற்குக் காரணம் போர். 1942இன் தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை இரப்பரில் பெரும்பகுதி நின்றுபோயிற்று. அங்கே பெட்ரோலியத்திலிருந்தும் எரிசாராயத்திலிருந்தும் செயற்கை இரப்பர் செய்ய அரசு ஆலைகளை எழுப்பியது. 1945இல் ஆண்டுக்கு 7 இலட்சம் டன்னுக்கும் மேல் உற்பத்தியானது. அதே காலத்தில் இங்கே, வாங்க ஆளற்றுக் கிடந்த தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. நம் வரலாற்றுப் பாடங்களில் இவ்விரண்டும் தனித்தனியாகவே வருகின்றன. ஒரே இரப்பர் வணிகத்தின் முறிவு இவ்விரண்டிலும் இருப்பதை நான் மாணவர்களிடம் சேர்த்தே சொல்கிறேன்.

போர் முடிந்தபின் இரண்டு இரப்பரும் டயரில் குடியேறின. இயற்கை இரப்பர் எளிதில் கிழியாது. சூடு குறைவாக ஏறும். அதனால் வானூர்தி டயர்களிலும் பெரிய லோரி டயர்களிலும் இன்றும் அதன் பங்கே மிகுதி. செயற்கை இரப்பர் தேய்மானத்தைத் தாங்கும். ஈரத்தார்ச்சாலையில் நன்கு பிடிக்கும்படி அதைக் கலக்க முடியும். எந்த அளவில் எதைக் கலந்து எவ்வளவு கடினமாக்குவது என்பதே ஆலைகளின் இரகசியம். மிகக் கடினமாக்கினால் நெடுநாள் உழைக்கும்; மழையில் சறுக்கும். கடைக்காரர் சொன்ன 'கல்லு மாதிரி' என்பது உண்மையில் புகழுரையன்று. வெயிலும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டால் நல்ல இரப்பரும் அதே நிலைக்கு வந்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

கட்டைப்பூ எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லி அருகே மோட்டார் சைக்கிளில் மேடுபள்ளம் பாராமல் ஓட்டும் பந்தயம் ஒன்று நடந்தது. முண்டியடித்து ஏறுதல் என்று பொருள்படும் 'ஸ்கிராம்பிள்' என்ற சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. மண்ணைக் கடித்துப் பிடிக்கும் இடைவெளிவிட்ட கட்டைகள் அத்தகைய பந்தயங்களில் வளர்ந்தவை. பந்தய வண்டியைச் சாலையிலும் ஓட்டும்படி செய்து பெருவெற்றி கண்டது 1968இல் யமஹாவின் 250 சி.சி. டி.டி.-1. நம் ஊரில் அவ்வகை வண்டிக்குப் பந்தயத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

கட்டைப்பூ சேற்றில் வல்லது. தார்ச்சாலையிலோ தரையைத் தொடும் இரப்பர் குறைவு, கட்டைகள் வளையும், விரைவாகவும் தேயும். நான் கணக்குப் போட்டேன். 23 கிலோமீட்டரில் 19 தார். சேற்றில் மெதுவாகவே போகிறேன். விழுந்தால் சட்டையோடு போகும். தார்ச்சாலையில் பின்னால் பிள்ளை, அதற்குப் பின்னால் மகிழுந்து. நடுப்பூ டயரையே வாங்கினேன். நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் இடைவெளியோடும் கட்டைகள் அமைந்தது. மழைநாளில் அந்த 4 கிலோமீட்டரில் இன்னும் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறேன், அதை ஏற்றுக்கொண்டேன். முன் டயருக்கும் அதே வயது என்பதால் இரண்டையும் மாற்றினேன். கம்பிச் சக்கரமாதலால் உள்ளே டியூப் வேண்டும். அதையும் புதிதாகவே போட்டேன். 60 ரிங்கிட் சேமிக்கப் பார்த்தவனுக்கு அன்று செலவு மும்மடங்காயிற்று என்பதையும் மறைக்கவில்லை.

டயரின் பக்கச்சுவரில் இருப்பதைப் படிக்கப் பெற்றோர்கள் பழகவேண்டும். என் பின் டயரில் '4.10-18 59பி' என்றிருக்கிறது. அகலம் 4.10 அங்குலம், சக்கர விட்டம் 18 அங்குலம். 59 என்பது 59 கிலோ அன்று. அது ஒரு குறியெண். 243 கிலோவரை தாங்கும் என்று பொருள். 'பி' என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர்வரை. என் வண்டி அந்த வேகத்தைக் கனவிலும் காணாது. பக்கச்சுவரில் 'டி.டபிள்யூ.ஐ.' என்று குறித்திருக்கும் இடத்துக்கு நேரே பூவின் பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். தேய்ந்து அம்மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆகவேண்டும். காலையில் பள்ளி வாசலில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டிகள் சிலவற்றில் அந்த மேடும் வழித்தெடுத்ததுபோல் இருப்பதைப் பார்க்கிறேன். சொல்லத் தயக்கம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

இன்னொன்று, நான்கு இலக்க எண். முதலிரண்டு இலக்கங்கள் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. அது டயரின் பிறந்தநாள். கடைக்காரர் முதலில் எடுத்த நடுப்பூ டயர் மூன்று ஆண்டுக்கு முந்தியது. கேட்டதும், முகம் சுளிக்காமல் உள்ளே போய்ப் புதியதைக் கொண்டுவந்தார்.

பழைய டயரைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அதைச் சுற்றி அமர்ந்தார்கள். ஒருத்தி, "சார், இதுல எங்க பாட்டி வெட்டுன பால் இருக்குமா?" என்று கேட்டாள். பெரும்பாலும் இராது என்றேன். 1990களின் தொடக்கத்திலேயே தாய்லாந்து நம்மை முந்திவிட்டது. இன்று மலேசியா தான் எடுப்பதைவிட அதிக இயற்கை இரப்பரை வெளியிலிருந்து வாங்குகிறது. 1972 முதல் ஷா ஆலாமில் இயங்கிய குட்இயர் டயர் ஆலையும் 2024இல் மூடப்பட்டது. அவள் அதைக் கேட்டு ஏதும் சொல்லவில்லை. நகத்தை டயரில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன்கள் அதற்குள் நான்கு இலக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். 3213. முப்பத்திரண்டாம் வாரம், 2013. சற்று நேரம் விரல்விட்டு எண்ணினார்கள்.

"சார், இது எங்களுக்கெல்லாம் அண்ணன்!"