வெள்ளாட்டுக் குட்டிகளின் நோய் எதிர்ப்பும் தாய்த்தீவனமும்

வெள்ளாட்டுக் குட்டி பிறக்கும்போது அதன் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இல்லை என்றே சொல்லலாம். மனிதக் குழந்தை அவற்றைக் கருவிலேயே தாயிடமிருந்து பெற்றுவிடுகிறது. ஆட்டின் நஞ்சுக்கொடியோ அந்தப் பெரிய மூலக்கூறுகளைக் கடக்க விடுவதில்லை. ஆகவே ஈன்றவுடன் மடியில் இருக்கும் சீம்பால்தான் குட்டியின் முதல் பாதுகாப்பு. சினை ஆட்டுக்குக் கொடுக்கும் அடர்தீவனம், தாது உப்பு, வைட்டமின் ஆகியவற்றின் பயன் பெரும்பாலும் இந்தச் சீம்பால் வழியாகவே குட்டியைச் சேர்கிறது.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். கருவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி ஆறு வாரங்களில் கூடுகிறது. ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் மடியில் சேரத் தொடங்குவதும் இறுதி வாரங்களில்தான். அதே சமயம் வளர்ந்த கரு பெருவயிற்றை நெருக்குவதால் ஆடு தின்னும் அளவு குறைகிறது. இரட்டைக் குட்டி அடிக்கடி ஈனும் கன்னி ஆடு போன்ற இனங்களில் இந்த நெருக்கடி இன்னும் கடுமை. மேய்ச்சலோடு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் அடர்தீவனம் கொடுக்கச் சொல்வது இதனால்தான். கம்பு, சோளம் போன்ற தானியம், பிண்ணாக்கு, தவிடு, சிறிதளவு தாது உப்புக் கலவை ஆகியவை அதில் இருக்கும். பட்டினி கிடந்த தாய்க்குச் சீம்பால் குறைவாகச் சுரக்கும். குட்டியும் எழுந்து காம்பைத் தேடும் வலுவின்றிப் பிறக்கும். ஈனும் காலத்தை ஒட்டித் தாயின் சொந்த எதிர்ப்பாற்றலும் தளர்வதால் குடற்புழுக்கள் பெருகுகின்றன. புரதம் போதுமான அளவு கிடைத்தால் இந்தத் தளர்ச்சி ஓரளவு மட்டுப்படும்.

பிண்ணாக்கில் ஓர் எச்சரிக்கை தேவை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது ஈரலைக் கெடுத்து எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் சொல்லப்படும் தழை புரதம் மிக்கது. ஆனால் அதிலுள்ள மைமோசின் மிகுந்தால் முடி உதிரும், தைராய்டு சுரப்பி வீங்கும். அதை மட்டுமே போடாமல் அகத்தி, வேலிமசால் போன்றவற்றோடு கலந்து போடுவது நல்லது.

தாதுக்களும் வைட்டமின்களும்

செலினியமும் வைட்டமின் ஈயும் இணைந்து செயல்படுபவை. வெள்ளணுக்கள் கிருமியை அழிக்கும்போது எழும் வேதிச் சிதைவிலிருந்து செல்களைக் காப்பது இவற்றின் வேலை. இவை குறைந்தால் குட்டிகளின் தசை வெளிறிச் சிதையும். இதற்கு வெண்தசை நோய் என்று பெயர். செம்மறிக் குட்டிகளில் செலினியம் இதைத் தடுப்பதை அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள் 1958இல் வெளியிட்டனர். செலினியம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. வைட்டமின் ஈ மிகக் குறைவாகவே கடக்கிறது. அதைக் குட்டி சீம்பாலில்தான் பெற வேண்டும். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் சிறியது. பஞ்சாபின் நவான்ஷகர் பகுதியில் மண்ணிலேயே செலினியம் மிகுந்து கால்நடைகளுக்கு முடி கொட்டுவதும் குளம்பு கழல்வதும் பதிவாகியுள்ளன. குறைபாடு இருப்பது தெரியாமல் செலினியம் ஊசி போடுவது துணிச்சல் என்பதைவிட அறியாமை என்றே சொல்ல வேண்டும்.

வைட்டமின் ஏயும் பெரும்பாலும் சீம்பால் வழியாகவே குட்டிக்குக் கிடைக்கிறது. குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்பூச்சைக் காப்பது அதுவே. ஆகவே பற்றாக்குறை முதலில் கழிச்சலாகவும் சளியாகவும் தலைகாட்டும். பசுந்தழையில் உள்ள கரோட்டினை ஆடு வைட்டமின் ஏயாக மாற்றி ஈரலில் சேமிக்கிறது. கோடையில் பல மாதம் காய்ந்த புல்லையே தின்ற சினை ஆட்டுக்கு அந்தச் சேமிப்பு கரைந்திருக்கும். அகத்தி கிடைக்கும் இடத்தில் புட்டி மருந்தைத் தேட வேண்டியதில்லை.

தாமிரம் குறைந்தால் குட்டி பின்கால் தள்ளாடிப் பிறக்கும். வெள்ளணுக்களின் திறனும் குறையும். மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறிக் குட்டிகளின் தள்ளாட்டத்துக்குத் தாமிரக் குறைவே காரணம் என்பது 1937இல் தெரியவந்தது. ஆனால் வெள்ளாடு தாங்கும் தாமிர அளவு செம்மறிக்கு நஞ்சாகிவிடும். இரண்டையும் ஒரே பட்டியில் வைத்திருப்போர் ஒரே உப்புக் கலவையை இரண்டுக்கும் கொடுக்கக் கூடாது. அயோடின் குறைந்தால் குட்டி கழுத்து வீங்கி, முடியின்றி, சில சமயம் இறந்தே பிறக்கும். துத்தநாகம் தோலுக்கும் குளம்புக்கும் எதிர்ப்பு அணுக்களின் பெருக்கத்துக்கும் வேண்டும். எந்த வட்டாரத்தில் எது குறைகிறது என்பது மண்ணைப் பொறுத்தது என்பதால், அந்த வட்டாரத்துக்கென ஆய்ந்து செய்த கலவையே பொதுக் கலவையைவிட நம்பத்தக்கது.

சீம்பால்

1922இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் சீம்பால் கிடைக்காத கன்றுகள் பெரும்பாலும் கிருமித் தொற்றால் இறப்பதைக் காட்டினர். குட்டியின் நிலையும் இதுவே. பிறந்த முதல் சில மணி நேரம் அதன் குடல் எதிர்ப்புப் புரதங்களைச் சிதைக்காமல் ரத்தத்துக்குள் விடுகிறது. நேரம் ஆக ஆக இந்த வழி சுருங்கி, சுமார் 24 மணி நேரத்தில் அடைபடுகிறது. முதல் நாளுக்குள் உடல் எடையில் குறைந்தது 10 விழுக்காடு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, பல முறையாக உள்ளே போக வேண்டும்; முதல் வேளை ஓரிரு மணி நேரத்துக்குள் நல்லது. நஞ்சுக்கொடி விழும்வரை குட்டியை ஊட்ட விடாத வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் காத்திருப்பில் வீணாவதை எந்தத் துணை மருந்தும் ஈடுசெய்யாது.

தாய் இறந்தால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பால் உதவும். உறைநிலைப் பெட்டியில் வைத்ததை வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை அமிழ்த்தி மெதுவாக இளக்க வேண்டும். கொதிக்க வைத்தால் புரதம் கெட்டுவிடும். மாட்டுச் சீம்பாலும் பயன்படும், ஆனால் அந்த மந்தையின் கிருமிகளுக்கு எதிரான புரதங்கள் அதில் குறைவாக இருக்கலாம். பாலில் முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்து கொடுப்பதைச் செயற்கைச் சீம்பால் என்கிறார்கள். அது ஊட்டம் தரும், மலத்தை இளக்கும். சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்கள் அதில் கிடையாது.

குட்டிக்கு நேரடியாக

பாலில் இரும்பு குறைவு. மண்ணும் தழையும் எட்டாத பரண் கொட்டகையிலேயே வளரும் குட்டிகளுக்குச் சோகை வரலாம். நன்மை செய்யும் நுண்ணுயிரிக் கலவைகள் சில மந்தைகளில் கழிச்சலைக் குறைத்துள்ளன; முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இரண்டு, மூன்று வாரத்தில் இளந்தழையும் குட்டித் தீவனமும் கொறிக்கத் தொடங்கினால் பெருவயிறு விரைவில் வளரும்; அங்குள்ள நுண்ணுயிரிகள் பி வகை வைட்டமின்களைத் தயாரிக்கும். அவற்றுள் பி12க்கு மட்டும் தீவனத்தில் கோபால்ட் இருந்தாக வேண்டும்.

தாய்க்கு ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு துள்ளுமாரி, ரண ஜன்னி தடுப்பூசி போட்டால் அந்த எதிர்ப்பும் சீம்பாலில் இறங்கும். இப்படிப் பெற்ற பாதுகாப்பு தேய்வதற்குள் குட்டிக்கு ஊசி போட்டால் தாயின் புரதங்களே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை மூன்று, நான்கு மாத வயதுவரை தள்ளிப்போடுவது அதனால்தான்.