ரகசியம் அறிந்த தலைவர்களும் ஏமாந்த வாக்காளர்களும்: அமெரிக்க ஒட்டுக்கேட்புச் சட்டம், 1978–2024

2008 ஜூலை 9 அன்று அமெரிக்க செனட், வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்துக்கான திருத்தத்தை 69-க்கு 28 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ஆதரித்தவர்களில் பராக் ஒபாமாவும் ஒருவர். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அவர் ஏறக்குறைய உறுதியாகிவிட்டிருந்த நேரம் அது. கட்சிக்குள் அவரிடம் தோற்ற ஹிலாரி கிளின்டன் எதிர்த்து வாக்களித்தார். தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் எந்த மசோதாவையும் முடக்கும் முயற்சிக்கு ஒபாமா துணைநிற்பார் என்று அவருடைய பிரசாரக் குழு முந்தைய அக்டோபரில்தான் அறிவித்திருந்தது. அவருக்காக வீடுவீடாக வாக்குக் கேட்ட இளைஞர்கள் கொதித்துப் போனார்கள். இதை ஒரு வேட்பாளர் சொன்ன சொல் மாறிய கதையாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த ஏமாற்றத்தின் வேர் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு உருவான மேற்பார்வை முறையிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

1975-இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு, உளவு அமைப்புகள் சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததை அம்பலப்படுத்தியது. அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற தந்திகளின் நகல்கள் 1945 முதல் முப்பது ஆண்டுகளாக அரசிடம் போய்ச்சேர்ந்துகொண்டிருந்தன. இதன் விளைவாக 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், உளவு நோக்கத்துக்காக உள்நாட்டில் ஒட்டுக்கேட்பதற்கு ஒரு தனி நீதிமன்றத்தின் ஆணை வேண்டும் என்றது. அந்த நீதிமன்றம் மூடிய கதவுக்குள் இயங்கும். அரசுத் தரப்பு மட்டுமே அதன் முன் பேசியது. நாடாளுமன்றத்தின் பங்குக்கு இரு சபைகளிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் அமைந்தன. மறைமுக நடவடிக்கைகள் பற்றி மிக அவசியமான வேளைகளில் எட்டுப் பேருக்கு மட்டும் தெரிவித்தால் போதும் என 1980-இல் வந்த சட்டம் இடம்கொடுத்தது. இரு சபைகளின் கட்சித் தலைவர்கள் நால்வர், உளவுக் குழுக்களின் தலைவர்களும் எதிர்த்தரப்பின் மூத்த உறுப்பினர்களும் நால்வர். மக்கள் சார்பாகக் கேள்வி கேட்கும் உரிமை, நடைமுறையில், வாய்திறக்க முடியாத இந்தச் சிலரிடம் ஒடுங்கிப்போனது.

2001 அக்டோபரில் அதிபர் புஷ், அந்த நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஒட்டுக்கேட்க அனுமதி அளித்தபோது விவரம் சொல்லப்பட்டது இப்படிப்பட்ட சிலருக்கே. பின்னர் அவர்களோடு ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜே ராக்ஃபெல்லரும் சேர்ந்தார். 2003 ஜூலையில் அவர் துணை அதிபர் செனிக்குத் தன் கைப்படவே ஒரு கடிதம் எழுதினார்; தட்டச்சு செய்ய உதவியாளரிடம் கொடுக்கக்கூட அனுமதி இல்லை. தான் தொழில்நுட்பம் அறிந்தவனுமல்ல, வழக்கறிஞனுமல்ல, யாரிடமும் ஆலோசனை கேட்கவும் வழியில்லை என்று அதில் கவலைப்பட்டார். நகலை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்தினார். பிற்காலத்தில் சாட்சியாக உதவும் என்பதைத் தவிர அந்த உறையால் அன்று ஒரு பயனும் இல்லை.

2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை வெளியிட்டது. ஓராண்டுக்கு மேல் அந்தச் செய்தியை அது தன்னிடமே வைத்திருந்தது. அடுத்த சில மாதங்களில், ஏடி அண்ட் டி நிறுவனத்திலிருந்து ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர் மார்க் கிளைன், சான் பிரான்சிஸ்கோ ஃபோல்சம் தெருக் கட்டடத்தின் 641ஏ என்ற, உளவு அமைப்பின் ரகசிய அறையைப் பற்றிய ஆவணங்களை முன்வைத்தார். கண்ணாடி இழையில் வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை அந்த அறைக்குத் திருப்பும் கருவியே அவர் சொன்னதன் சாரம். தொலைபேசி நிறுவனங்கள் மீது வழக்குகள் குவிந்தன. முக்கியமான ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்ய 2006 ஜூலையில் நீதிபதி வாகன் வாக்கர் மறுத்தார்.

அந்த நவம்பரில் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. இனி அரசுக்குக் கடிவாளம் விழும் என்று வாக்களித்தவர்கள் எதிர்பார்த்தார்கள். ஒன்பதே மாதத்தில், 2007 ஆகஸ்டில், புஷ் கேட்ட தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அதை ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 41 பேர். டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் டாட் செனட்டில் விடாமல் பேசி, நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் அடுத்த மசோதாவைத் தள்ளிப்போடவைத்தார். 2008 மார்ச்சில் நிறுவனங்களுக்கு விலக்கு இல்லாத மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியபோது நம்பிக்கை சற்றே துளிர்த்தது. ஜூனில் அந்தச் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஸ்டெனி ஹோயர் ஒரு சமரசத்தோடு வந்தார்: அதிபரின் அனுமதி இருந்தது என அட்டர்னி ஜெனரல் சான்றளித்தால் வழக்கு முடிந்தது. 293-க்கு 129 என்று அது நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் 128 பேர் எதிர்க்க, 105 பேர் ஆதரித்தார்கள். சபாநாயகர் நான்சி பெலோசி ஆதரித்தவர்களோடு நின்றார். தங்களில் பெரும்பான்மையே எதிர்த்த சட்டத்தைத் தங்கள் தலைமையே கரைசேர்த்ததுதான் வாக்காளர்களை அதிகம் புண்படுத்தியது. விவரம் முன்பே அறிந்திருந்த எட்டுப் பேரில் ஒருவரான பெலோசியால் அந்தத் திட்டத்தைத் தனக்குத் தெரியாத குற்றமாகப் பேச முடியுமா? நீதிமன்ற விசாரணை தொடர்ந்திருந்தால் யாருக்கு எப்போது என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வியும் எழுந்திருக்கும். அவர்களுடைய நோக்கம் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் நின்ற இடம் அப்படி.

கோபப்பட்டவர்களுக்குப் போக்கிடம் இருக்கவில்லை. ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட மெக்கெய்னின் கட்சி இன்னும் அதிகம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒபாமாவின் ஆதரவாளர்கள் 20,000-க்கும் மேற்பட்டோர் அவருடைய பிரசாரத் தளத்திலேயே அணிதிரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஜூலை 3 அன்று விளக்கம் எழுதிய அவர் இந்த மசோதாவை ஆதரிக்கும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நவம்பரில் அவர் வென்றார்.

பிறகு நடந்ததிலும் இதே வார்ப்பு தெரிகிறது. உளவு அமைப்புக்காகப் பணியாற்றிய எட்வர்டு ஸ்னோடன் அதன் ரகசிய ஆவணங்களை வெளியிட்டதும், 2013 ஜூலையில், தொலைபேசி விவரங்களை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தும் திருத்தம் 205-க்கு 217 என்று தோற்றது. இரு கட்சிகளின் சாதாரண உறுப்பினர்களும் கலந்து ஆதரித்த அதை, ஒன்றிலும் ஒத்துப்போகாத குடியரசுக் கட்சிச் சபாநாயகர் பெய்னரும் பெலோசியும் சேர்ந்து எதிர்த்தார்கள்.

2024 ஏப்ரலில் கேள்வி கூர்மையானது. வெளிநாட்டவரைக் குறிவைத்துத் திரட்டிய தகவல்களில் அமெரிக்கர்களின் பேச்சைத் தேடுவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டுமா? திருத்தத்துக்கு ஆதரவு 212, எதிர்ப்பு 212, சமநிலையானதால் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் சபாநாயகர் மைக் ஜான்சனும் ஒருவர். சாதாரண உறுப்பினராக இருந்தபோது அத்தகைய கட்டுப்பாட்டை ஆதரித்தவர் அவர். பதவிக்கு வந்தபின் கிடைத்த ரகசிய விளக்கங்கள் தன் பார்வையை மாற்றின என்றார். அவை என்னவென்று அவரை ஆதரித்த வாக்காளர்களிடம் சொல்ல அவருக்கும் அனுமதி இல்லை.