கண்டியில் யோசேவாஸ் அடிகளாரின் பணிவிடை

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், இலங்கையில் அவர்களுடைய ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாது போயிற்று. குருவின்றித் தவித்த கத்தோலிக்க மக்களைத் தேடி, 1651இல் கோவாவில் பிறந்த யோசேவாஸ் அடிகளார், ஏழைக் கூலியாளின் கோலத்தில் 1687இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவர் ஒறட்டோரியம் என்னும் அமைப்பைச் சேர்ந்தவர். துறவற வார்த்தைப்பாடு எடுக்காமலே செபத்திலும் பணியிலும் கூடி வாழும் குருக்களின் குழுவுக்கே அப்பெயர் வழங்கியது. யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்தும், பின்னர் புத்தளத்தில் தங்கியும் பணியாற்றிய அவர், 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஐயம் மெல்ல மெல்லவே நீங்கியது.

அவருடைய வாழ்வில் மழை வருவித்த புதுமை பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும், அவரைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியது 1697இல் கண்டியில் பரவிய வைசூரியின்போது அவர் செய்த பணியே ஆகும். பெற்ற பிள்ளையையும் கட்டிய துணையையும் கைவிட்டு, உயிருக்கு அஞ்சியவர்கள் ஊரைவிட்டு ஓடிய அந்நாள்களில், அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசப் கர்வாலியோ அடிகளாரும் நோயாளிகளைத் தேடிச் சென்று, உணவும் மருந்தும் அளித்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயுற்றவர் எச்சமயத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. இவற்றுள் எதற்கும் தனி வரமோ புலமையோ வேண்டியதில்லை. அருவருப்பையும் அச்சத்தையும் அடக்கி நாள்தோறும் அதே வேலைக்குத் திரும்பும் பொறுமையே வேண்டியிருந்தது; பிறரன்பு எனத் திருச்சபை கற்பிக்கும் நற்பண்பு கண்டி மக்களின் கண்முன் இவ்வாறுதான் விளங்கியது. குற்றவாளியாய்ச் சிறையிலிடப்பட்டவரை மன்னனே மதிக்கலானான். மறைப்பணிக்கும் தடையின்றி வழி திறந்தது.

ஆண்டில் ஒருமுறை குரு வந்தாலே பெரிதெனக் கருதப்பட்ட ஊர்களில், மூப்பர் எனப்பட்ட, ஊர்க் கத்தோலிக்கரின் தலைவரும், அண்ணாவி எனப்பட்ட, மறைக்கல்வி புகட்டிச் செபங்களை நடத்திய பொதுநிலையினரும் விசுவாசத்தைக் காத்துவந்தனர். அத்தகையோரை நம்பியே அடிகளார் தம் பணியை அமைத்தார். குடும்பமும் தொழிலும் உடையவர்களிடம் திருச்சபையை ஒப்படைத்த இத்துணிவு, நோயாளிக்குச் செய்த தொண்டுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அவர் 1711 சனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைத் திருச்சபைக்குக் கிடைத்த முதல் புனிதர் அவரே.