‘அந்தப் பக்கம் போகாத!’ - தப்பெண்ணம் நம் மனசுக்குள் எப்போது நுழைகிறது?

வில்லியனூர், பாகூர் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் புதுசாகப் போய் வழி கேட்டுப் பாருங்கள். “ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?” என்று பதில் கேள்வி வரலாம். கேட்டவர் மனசில் கெட்ட எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால், பக்கத்தில் நின்று குச்சி ஐஸ் சாப்பிடும் வாண்டு ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடும்: நம்ம ஊர் ஒண்ணு இல்ல, ரெண்டு!

பிறக்கும்போதே வருதா?

இல்லை. 2005-ல் பிரிட்டனில் டேவிட் கெல்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் எல்லா இனத்தவர் முகங்களையும் ஒரே மாதிரிதான் பார்த்தன. 3 மாதக் குழந்தைகளோ தங்கள் இனத்தவர் முகங்களை அதிக நேரம் பார்த்தன. அது வெறுப்பு அல்ல, பழக்கம்.

நம்ம ஊர் விஷயம் இன்னும் விநோதம். தோல் நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. யாராவது சொல்லித்தான் தெரியணும்.

வீட்டுப் பாடம்

“அவங்களை வெறுக்கணும்” என்று எந்த அம்மாவும் பாடம் எடுப்பதில்லை. “அவங்க வீட்டுல சாப்பிட்டியா?” என்று கேட்கும்போது குரல் மாறும், அவ்வளவுதான். ‘ஏன்?’ என்று கேட்டால் பதில் வராது. பதில் வராத இடத்தில் பிள்ளையே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்ளும்: ‘அவங்க சரியில்லாதவங்கபோல!’

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஓர் அலசல், தப்பெண்ணம் 5 - 7 வயதுவரை ஏறுகிறது என்கிறது. அதன் பிறகு ஏறுமா, இறங்குமா என்பது வளரும் சூழலைப் பொறுத்தது.

பள்ளியில் ஒரு கயிறு

அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லர் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்கு மஞ்சள், நீல டி-ஷர்ட் கொடுத்தார்கள். டீச்சர் நிறத்தைச் சொல்லிச் சொல்லிப் பிரித்த வகுப்பில், ‘எங்க கலர்தான் ஒசத்தி’ என்ற எண்ணம் வளர்ந்தது. டீச்சர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பில் அது வளரவில்லை.

நம் மாணவர்கள் கையில் கட்டும் கலர் கயிறு ஞாபகம் வருகிறதா? 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு.

இப்போது கயிற்றின் வேலையை போனும் செய்கிறது. சாதிப் பெருமை ரீல்ஸ் ஒன்றை முழுசாகப் பாருங்கள், அடுத்து பத்து வந்து நிற்கும்.

சரி, போகுமா?

போகும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது. சம மதிப்பு, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு நான்கும் வேண்டும் என்று 1954-லேயே எழுதினார் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட்.

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்கு ஆளுநரே வடம் பிடிப்பார். பிரெஞ்சு காலத்து வழக்கம். கூடி இழுப்பது அழகுதான். ஆனால், மறுநாள் அவரவர் தெருவுக்குள் அடைந்துகொண்டால் ஆல்போர்ட் சொன்னதில் பாதிகூட நடக்கவில்லை.

புதுச்சேரி தேவாலயத்துக்குள்ளேயே சாதி பிரிக்க ஒரு சுவர் இருந்ததும், 1745-ல் அது இடிக்கப்பட்டதும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் போய்க் கேள்வி கேட்டதால்தான் அது விழுந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வீட்டுக் குட்டி ‘ஏன்?’ என்று கேட்டால், ‘சும்மா இரு’ என்காதீர்கள். நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.
* ‘அவங்க எல்லாருமே அப்படித்தான்’ என்று தோன்றினால், ‘எத்தனை பேரைத் தெரியும்?’ என்று உங்களையே கேளுங்கள்.
* நண்பர் வீட்டில் சாப்பிடுங்கள், உங்கள் வீட்டுக்கும் கூப்பிடுங்கள். முற்றத்தோடு அனுப்பாமல் உள்ளே உட்காரவைத்துப் பரிமாறுங்கள். வீட்டுக் குட்டி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்!