ஏரிக்கரையில் காத்திருந்தவர்கள்

அமெரிக்கக் கடற்படையில் மாலுமியாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதலில் போய் இறங்கும் ஊரில் கடல் கிடையாது. சிகாகோவிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். எதிரே மிச்சிகன் ஏரி. அட்லாண்டிக் பெருங்கடலோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ‘கிரேட் லேக்ஸ்’ என்ற அந்தப் பயிற்சி நிலையத்தின் நூறாண்டு வரலாற்றை எழுதியவர்கள் பலர். தளபதிகள், கட்டடங்கள், போர்கள், பயிற்சி பெற்றோர் தொகை என்று அது நீளும். அதில் ஓரமாக நின்றுவிட்ட கூட்டம் ஒன்று உண்டு. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே இருந்த குடும்பங்கள் அவை. காத்திருப்பதற்கென்றே அந்தக் குடும்பங்கள் கொடி கண்டன, சங்கம் கண்டன, வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டன. அந்த வரலாறும் சொல்லப்பட வேண்டியது.

நிலையம் அங்கே அமைந்ததே உள்நாட்டுக் குடும்பங்களை முன்னிட்டுத்தான். 1883இல் தொடங்கிய முதல் கடற்படைப் பயிற்சி நிலையம் கிழக்குக் கரையில், ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருந்தது. இல்லினாய், இந்தியானா, அயோவா பக்கத்து விவசாயிக்கு அது எட்டாத தூரம். 1898இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் இந்த உள்நாட்டு மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் பெருமளவில் கடற்படைக்குப் போனார்கள். அவர்களை அவர்கள் ஊர்ப்பக்கத்திலேயே பயிற்றுவிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் விடாமல் வாதாடியவர் அதன் உறுப்பினர் ஜார்ஜ் எட்மண்ட் ஃபாஸ். 1904இல் அனுமதி கிடைத்தது. சிகாகோ வணிகர்கள் நிலத்தை வாங்கி அரசுக்குக் கொடுத்தார்கள். 1911 ஜூலை 1இல் நிலையம் திறந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியானாவின் டெர்ரே ஹோட் நகரிலிருந்து வந்த ஜோசப் கிரெக் அதன் முதல் பயிற்சியாளர். அந்த ஆண்டு அக்டோபர் 28இல் அதிபர் டாஃப்ட் நேரில் வந்து நிலையத்தை முறைப்படி அர்ப்பணித்தார். மத்திய மேற்கின் பெற்றோருக்கு ரயிலேறிப் போய்வரக்கூடிய தூரத்தில் முதன்முறையாக ஒரு கடற்படை வாசல் கிடைத்தது.

ஆறே ஆண்டுகளில் முதல் உலகப் போர் அந்த வாசலை அகலமாகத் திறந்துவிட்டது. போர் முடிவதற்குள் அங்கே பயிற்சி பெற்றவர்கள் 1,00,000க்கும் மேல். பட்டாளக் கட்டடங்கள் போதாமல் கூடாரங்கள் எழுந்தன, இளைஞர்கள் தூளிப் படுக்கையில் தூங்கினார்கள். 1917இல் ஜான் ஃபிலிப் சூசா, தம் 62ஆம் வயதில், அந்நிலையத்தின் இசைக்குழுவை நடத்த வந்து சேர்ந்தார். நாடறிந்த இசையமைப்பாளரான அவர் மாதம் 1 டாலர் மட்டும் வைத்துக்கொண்டு மீதிச் சம்பளத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கு விட்டுக்கொடுத்தார். அவர் பயிற்றிய குழுக்கள் ஊர் ஊராகப் போய் வாசித்துப் போர்க்கடன் பத்திரங்களுக்குப் பணம் திரட்டின. நிலையத்தின் ராஸ் மைதானத்து அணிவகுப்பைக் காண வந்தவர்களுக்கு அந்த இசை பெரிய ஈர்ப்பு. பிள்ளையைத் தூரத்திலிருந்தாவது பார்க்க முடிந்த பெற்றோருக்கு அதற்குமேல் வேறென்ன வேண்டும்?

அதே 1917இல்தான் வீட்டு ஜன்னலில் நீல நட்சத்திரம் தோன்றியது. ஓஹியோவைச் சேர்ந்த படைத்தலைவர் ராபர்ட் குவீஸர் தம் இரண்டு மகன்களை எண்ணி வரைந்த கொடி அது. சிவப்புக் கரை, வெள்ளை நடு, அதில் படையில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீல நட்சத்திரம். சில மாதங்களில் அமெரிக்கத் தெருக்கள் முழுவதும் அது பரவியது. பிள்ளை இறந்துவிட்டால் நட்சத்திரம் பொன்னிறமாகும். தெருவில் போகிறவர் கதவைத் தட்டாமலே அந்த வீட்டின் நிலையை அறிந்துகொள்வார். அரசாங்கம் போட்ட உத்தரவில் பிறந்த வழக்கம் அன்று அது. ஒரு தகப்பனின் யோசனையை மற்றக் குடும்பங்கள் தாமாகவே கைக்கொண்டன.

1918 செப்டம்பரில் விஷக்காய்ச்சல் கிரேட் லேக்ஸுக்குள் நுழைந்தது. நெருக்கி அடைத்த படுக்கைகளில் அது தீயாகப் பரவியது. போர்க்கப்பலைக் கண்ணாலும் பார்க்காத இளைஞர்கள் 900க்கும் மேற்பட்டோர் அந்த வளாகத்திலேயே இறந்தார்கள். வீடுகளுக்குத் தந்தி போனது. பயிற்சிக்காலம் என்பது ஆபத்தில்லாத காலம், கவலையெல்லாம் கப்பலேறிய பிறகுதான் என்று நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்த இலையுதிர்காலம் பேரிடியானது. அந்நிலையத்தின் வரலாற்றில் குடும்பங்கள் இத்தனை பேரைச் சேர்த்து இழந்த வேறொரு பருவம் இல்லை.

சங்கங்கள் பின்னால் வந்தன. 1930இல் டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள மக்ஆலன் என்ற சிற்றூரில் எம்மா ஜோன்ஸ் என்ற தாய் கடற்படைத் தாய்மார் சங்கத்தைத் தொடங்கினார். 1942இல் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்ட் நகரில் ஒரு செய்தித்தாள், படையில் பிள்ளைகள் உள்ள தாய்மார்கள் நிரப்பி அனுப்பும்படி ஒரு படிவம் வெளியிட்டது. சில நாட்களில் 300 தாய்மார்கள் ஒன்றுகூடினார்கள். நீல நட்சத்திரத் தாய்மார் அமைப்பு பிறந்தது அப்படித்தான். தனித்தனி வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள் என்பதே இந்தச் சங்கங்களின் பெரிய சாதனை. பொட்டலம் கட்டுவது, மருத்துவமனைக்குப் போய்க் காயம்பட்டோரைப் பார்ப்பது, துக்கவீட்டில் போய் உட்காருவது எல்லாம் அதைத் தொடர்ந்து வந்த வேலைகள்.

அந்தக் காலத்துக் குடும்பங்களில் அமெரிக்கா என்றும் மறக்காதது அயோவாவின் வாட்டர்லூ நகரத்து சலிவன் குடும்பம். தந்தை தாமஸ் ரயில்வே ஊழியர். தாய் அலெட்டா. மகன்கள் ஜார்ஜ், ஃபிரான்சிஸ், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட். முதல் இருவரும் ஏற்கெனவே கடற்படையில் பணி முடித்துத் திரும்பியவர்கள். பேர்ல் ஹார்பர் தாக்குதலில் நண்பர் ஒருவர் இறந்த செய்தி வந்ததும் ஐவரும் சேரப் புறப்பட்டார்கள். ஒரே நிபந்தனை: ஐந்து பேரும் ஒரே கப்பலில். 1942 ஜனவரி 3இல் சேர்ந்தார்கள். கிரேட் லேக்ஸில் பயிற்சி. பிப்ரவரி 14இல் நியூயார்க்கில் ‘ஜூனோ’ கப்பல் பணியில் இறங்கியபோது ஐவரும் அதில் இருந்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து கப்பலேறும் நாள் வரை ஆறே வாரம். கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்கு அப்போதே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

நவம்பர் 13இல் குவாடல்கனல் அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் ‘ஜூனோ’ மூழ்கியது. செய்தி வெளியே வரவில்லை. கடிதங்கள் நின்றன. வாரங்கள் போயின. ஊரில் வதந்தி கிளம்பவே, 1943 ஜனவரியில் அலெட்டா கடற்படைப் பணியாளர் அலுவலகத்துக்குத் தானே கடிதம் எழுதி உண்மை என்னவென்று கேட்டார். ஜனவரி 12 காலை, தாமஸ் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், ஓர் அதிகாரியும் மருத்துவரும் மூத்த மாலுமியும் வாசலில் வந்து நின்றார்கள். ஐவருமே போய்விட்டார்கள். அலெட்டாவின் கடிதத்துக்கு அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட பதில் மறுநாள் தேதியிட்டு வந்தது.

அதன் பிறகு அந்தத் தாய் செய்தது நம்ப முடியாத காரியம். கணவருடன் நாடு முழுவதும் பயணம் செய்து தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் தொழிலாளர்களைப் பார்த்துப் பேசினார். ஏப்ரல் 4இல் சான்பிரான்சிஸ்கோவில் தம் பிள்ளைகள் பெயர் தாங்கிய போர்க்கப்பலை அவரே நீரில் இறக்கிவைத்தார். மகள் ஜெனிவீவும் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அந்தப் பிரிவில் 80,000க்கும் அதிகமான பெண்கள் பயிற்சி பெற்ற இடம் நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரி. அலெட்டாவின் துக்கத்தை அரசு தன் போர்ப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடிதம் எழுதிக் கேட்டதும், மேடையேறிப் பேசியதும் அவருடைய சொந்தத் துணிவு. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

எல்லாக் குடும்பங்களுக்கும் அந்த வாசல் ஒரேமாதிரி திறக்கவும் இல்லை. 1942 ஜூன் வரை கறுப்பின இளைஞர்களைக் கடற்படை சமையலறை, பரிமாறும் வேலைக்குத்தான் பெரும்பாலும் எடுத்தது. அதன்பின் பொதுப்பணிக்கு எடுத்தபோதும் கிரேட் லேக்ஸில் ‘கேம்ப் ராபர்ட் ஸ்மால்ஸ்’ என்ற தனி முகாமில் ஒதுக்கியே வைத்தது. அடிமையாக இருந்தபோது 1862இல், உள்நாட்டுப் போரில், எதிரியின் கப்பலைக் கைப்பற்றித் தம் குடும்பத்தையும் அதிலேற்றித் தப்பிய வீரரின் பெயர் அது. 1944 மார்ச்சில் அந்நிலையத்திலேயே முதல் கறுப்பின அதிகாரிகளாக 13 பேர் பட்டயம் பெற்றார்கள். கடற்படை அதை வெளியே தெரியும்படி கொண்டாடவில்லை. 1987இல்தான், புதியவர்கள் வந்திறங்கும் கட்டடத்துக்கு அவர்களைக் குறிக்கும் ‘தங்கப் பதின்மூவர்’ என்ற பெயரைச் சூட்டினார்கள். அன்றிலிருந்து எந்த நிறத்துப் பிள்ளையும் அந்தப் பெயரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் கிரேட் லேக்ஸில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் பயிற்சி பெற்றார்கள். ஐடஹோவில் ஃபாரகட், நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்சன், மேரிலாந்தில் பெயின்பிரிட்ஜ் என்று புதிய முகாம்களும் எழுந்தன. சான் டியேகோ 1923 முதலே இருந்தது. ஆர்லாண்டோ 1968இல் சேர்ந்தது. அக்காலத்தில் பயிற்சி முடிந்ததும் சில நாள் விடுப்பு கிடைக்கும். வெள்ளைத் தொப்பியும் புதுச் சீருடையுமாகப் பிள்ளை வீட்டுக்கே வருவான். அம்மா கையால் சாப்பிடுவான், தெருவில் நாலு பேருக்கு முகம் காட்டுவான், புகைப்படக் கடையில் படம் எடுத்துக்கொள்வான். குடும்பத்துக்கு நிறைவு விழா வீட்டுத் திண்ணையில் நடந்தது.

இப்போது அப்படியில்லை. 1993இல் எடுத்த முடிவின்படி சான் டியேகோவும் ஆர்லாண்டோவும் மூடப்பட்டு, கிரேட் லேக்ஸ் மட்டுமே எஞ்சியது. 1994 முதல் பெண்களும் அங்கேயே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி முடித்தவர் பெரும்பாலும் நேரே அடுத்த தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுகிறார். வீட்டு விடுப்பு வழக்கமில்லை. அதனால்தான் பட்டமளிப்பு அணிவகுப்பைக் காணக் கலிபோர்னியாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை திரண்டு வருகிறார்கள். முன்பு பிள்ளை வீடு தேடி வந்தான். இப்போது வீடே பிள்ளையைத் தேடிப் போகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குக் குடும்பங்கள் கொடுக்கும் விலை பெரிது, அதை வெறும் விழா ஆடம்பரமாகப் பார்ப்பது தவறு.

பயிற்சியின் முதல் இரவு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்ற அளவில் எழுதிக்கொடுத்ததை வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட நீளாது. பிள்ளையின் குரல் அந்நியமாக ஒலிப்பது கண்டு கலங்காத தாய் குறைவு. அடுத்து ஓர் அட்டைப்பெட்டி வரும். போட்டுக்கொண்டு போன சட்டை, கால்சட்டை, செருப்பு எல்லாம் அதில் மடங்கியிருக்கும். சாவுச் செய்தி எதுவும் இல்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று முன்பே தெரிந்திருந்தும் அதைத் திறந்ததும் உடைந்து அழுதவர்கள் ஏராளம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைப்பது, அனுபவப்பட்ட குடும்பங்கள் புதியவர்களுக்குச் செய்யும் முதல் உதவி.

அப்புறம் கடிதங்கள்தான். செல்பேசி கையைவிட்டுப் போய்விட்ட ஓர் இருபது வயதுக்காரர் காகிதத்தில் பேனாவால் வீட்டுக்கு எழுதுகிற இடங்கள் இன்று உலகில் அதிகமில்லை. கிரேட் லேக்ஸ் அவற்றில் ஒன்று. எழுத நேரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. முகவரியில் பயிற்சிப் பிரிவின் எண்ணும், தங்கும் ‘கப்பலின்’ பெயரும் இருக்க வேண்டும். அங்கே விடுதிக்குக் கப்பல் என்றுதான் பெயர். தின்பண்டம் அனுப்பக் கூடாது. வாசனை தெளித்த உறை, வண்ணப்படம் ஒட்டிய உறை எல்லாம் பிள்ளையைப் பயிற்றுநர் கண்ணில் நிறுத்திவிடும். வீட்டில் சாவோ பெருநோயோ நேர்ந்தால் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் சரிபார்த்த பிறகே செய்தி உள்ளே போகும். பதில் வராவிட்டாலும் தினம் எழுதுங்கள் என்பதே பழகிய தாய்மார்கள் சொல்லும் அறிவுரை. அங்கே தபால் பிரிக்கும் வேளையில் தன் பெயர் கூப்பிடப்படாத பிள்ளைக்கு அந்த மாலை நீண்டதாகிவிடும்.

ஓட்டத்திலோ நீச்சலிலோ தவறினால் பிள்ளையைப் பின்னால் வரும் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். நீச்சல் தேர்வில் மேடையிலிருந்து குதிக்க வேண்டும், 50 கெஜம் நீந்த வேண்டும், ஐந்து நிமிடம் குப்புற மிதக்க வேண்டும். தண்ணீரே பழகாத உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கடினம். பிரிவு மாறினால் பட்டமளிப்பு நாளும் தள்ளிப்போகும், வாங்கி வைத்த விமானச்சீட்டும் வீணாகும். அந்த நேரத்தில் ஏமாற்றத்தை மறைத்து ஊக்கமாக ஒரு கடிதம் எழுதுவது லேசான காரியமில்லை.

கடைசிச் சோதனையான ‘பேட்டில் ஸ்டேஷன்ஸ்’ 1997இல் சேர்க்கப்பட்டது. 2007 முதல் அது, கட்டடத்துக்குள் தண்ணீரில் நிற்கும் ‘டிரேயர்’ என்ற மாதிரிப் போர்க்கப்பலில் இரவு முழுவதும், 12 மணி நேரம் நடக்கிறது. தீ, வெள்ளம், காயம்பட்டோர் என்று 17 நிலைமைகள். 2000இல் ஏமன் துறைமுகத்தில் தாக்கப்பட்ட ‘கோல்’ கப்பல் முதலான உண்மைச் சம்பவங்களின் பாடம் அவற்றில் உண்டு. விடிந்ததும் ‘ரெக்ரூட்’ என்று எழுதிய தொப்பியைக் கழற்றிவிட்டு ‘நேவி’ என்று எழுதிய தொப்பியைக் கொடுக்கிறார்கள். மாலுமி ஆகிவிட்டேன் என்ற அழைப்பு வீட்டுக்கு வருவது அதன் பிறகுதான். அந்த அழைப்புக்காகக் கைபேசியைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போகும் பெற்றோர் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பட்டமளிப்புக்கு விருந்தினர் வருவது நிறுத்தப்பட்டது. அணிவகுப்பு நின்றுவிடவில்லை, காலி இருக்கைகளின் முன் நடந்தது. குடும்பங்கள் திரையில் பார்த்தன. ஒரே சீருடையில் நூற்றுக்கணக்கானோர் நடக்கும்போது தன் பிள்ளை எது என்று திரையை நிறுத்தி நிறுத்தித் தேடின. 2021இல் மீண்டும் நேரில் அனுமதி கிடைத்தது.

அணிவகுப்பு முடிந்து கலையச் சொன்னதும் கூட்டத்துக்குள் ஓடித் தேடிக் கட்டிக்கொள்ளலாம். மாலை வரை வெளியே போய்வர அனுமதி உண்டு. பெரும்பாலோர் முதலில் கேட்பது வயிறாரச் சாப்பாடு, அடுத்தது கைபேசி, அதற்கடுத்தது தூக்கம். பல தாய்மார்கள் அந்தப் பகலின் பாதியை விடுதி அறையில் தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். நீர்மூழ்கிக்குப் போகிறவர் க்ரோட்டனுக்கும், மருத்துவப் பிரிவுக்குப் போகிறவர் சான் அன்டோனியோவுக்கும், விமானப் பிரிவுக்குப் போகிறவர் பென்சகோலாவுக்கும் உடனே கிளம்ப வேண்டும். சிலருக்கு அடுத்த பள்ளி அதே கிரேட் லேக்ஸில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் சில அங்கேயே தங்கி, வார இறுதி அனுமதிக்காக மறுபடி வாயிலில் வந்து நிற்கின்றன.