காட்டில் நிற்கும் ஏடுகள்

திருவண்ணாமலை என்றதும் கோபுரமும் கிரிவலமும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் அந்நகருக்கு மேற்கே, செங்கம் வட்டாரத்தின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் வேறொரு வரலாறு வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நிரை கவர்ந்தோரோடு பொருது மாண்ட வீரர்க்கு நாட்டிய நடுகற்களே அவை.

தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தொகுத்து, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் நம் நெஞ்சை விட்டு அகலாதது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்தான் கருந்தேவக்கத்தி. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய் கோவிவனையும் அக்கல் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த ஏழாம் நூற்றாண்டின் செய்தி இது! குகைத் தோழர்களின் நாயை அறிந்த நமக்கு இந்நன்றியுணர்வு புதிதன்று.

இச்செய்தி நம்மை வந்தடைந்தது எவ்வாறு? கல்லை நீரால் கழுவி, ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவிப் படியெடுத்த களப்பணியாளரின் பொறுமையால் அன்றோ! இப்பணியின் முதற்பாடம், கண்ட கல்லை இடம்பெயர்க்காதிருத்தல். எந்த மேய்ச்சல் நிலத்தை, எந்த வழியை நோக்கி அது நின்றது என்பதும் வரலாறே. பெயர்த்த கல் பாதி ஊமையாகும்.

அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுக் காடுகளில் சாலை அமைக்குமுன் தொல்சின்னங்களுக்கு ஊறு நேருமா என ஆராய்கின்றனர். பணிக்குப் புதியோர் வரிசையாக நடந்து நிலத்தைக் கூர்ந்து நோக்கி, கண்டதை இருந்த இடத்திலேயே குறித்துக்கொள்கின்றனர். நம் மாநிலமும் அதே 1966இல் தொல்சின்னச் சட்டம் இயற்றியது. எனினும், பாதுகாக்கப்பட்டதென அறிவிக்கப்படாத கல்லுக்குச் சுற்றிலும் வாழும் மக்களே காவல்.

நடுகற்கள் பல வழிபடப்படுவதால், நமக்கும் அவற்றுக்கும் என்ன உறவு எனச் சிலர் வினவலாம். வணங்குதல் வேறு, வாசித்தல் வேறு. முன்சென்றோரின் சுவடுகளைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. வணங்காமலேயே வாசிக்கலாம், வாசித்ததைக் காக்கலாம்.

இக்கடமை நம் மையவாடிகளுக்கும் உரியது. எழுத்துள்ள பழைய மீஸான் கற்கள் சுண்ணாம்புப் பூச்சில் மறைகின்றன. சுவர் எழுப்புகையில் பெயர்க்கப்படுகின்றன. அவற்றை இருந்த இடத்திலேயே நிற்கவிட்டு, எழுத்தைப் படியெடுத்து ஜமாஅத்தின் ஏட்டில் பதிந்து வைப்போம். அடுத்த தலைமுறை தன் முன்னோரைத் தேடி வரும்போது, படிப்பதற்கு ஓர் எழுத்தாவது எஞ்சியிருக்கட்டும்.