முதன்மைப் பிசிர்: புறக்கணிப்பின் வரலாறு

1898இல் உடலமைப்பியலாளர் சிமர்மான், மனிதச் சிறுநீரகக் கலங்களில் தனித்து நீண்டிருக்கும் பிசிரொன்றை விவரித்தார். அது புலனுணர்வுக்கு உரியதாகலாம் எனவும் ஊகித்தார். அவ்வூகம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1968இல் சொரோக்கின் அதற்கு ‘முதன்மைப் பிசிர்’ எனப் பெயரிட்ட பின்னரும், அசையாத அவ்வுறுப்பைக் கூர்ப்பின் வெறும் எச்சமெனவே பலர் கருதினர்.

இக்கருத்தை மாற்றியது ஓர் அல்காவாகும். 1993இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர், கிளமிடோமோனசின் சவுக்குமுளையினுள்ளே பொருட்கள் இருதிசையும் கடத்தப்படுதலைக் கண்டனர். அக்கடத்தலுக்குரிய பரம்பரையலகு பழுதுற்ற சுண்டெலிகளில் சிறுநீரகப் பிசிர்கள் குறுகியிருத்தல் 2000இல் அறியப்பட்டது. அவ்வெலிகள் சிறுநீரக நீர்ப்பை நோயுற்றவை. முளைய விருத்தியை நெறிப்படுத்தும் ஹெட்ஜ்ஹொக் சமிக்ஞைக்கும் இக்கடத்தல் இன்றியமையாததென 2003இல் தெளிவாயிற்று.

அச்சமிக்ஞை கட்டுப்பாடிழப்பின் தோலிலும் மூளையிலும் சிலவகைப் புற்றுகள் தோன்றும். எனின், பிசிரை அகற்றினாற் புற்று அடங்குமா? 2009இல் சுண்டெலிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இருவேறு விடைகளைத் தந்தன. பழுது, பிசிரிற் செயற்படும் சுமூதண்ட் புரதத்தில் இருந்தபோது புற்று தடைப்பட்டது. அடுத்த படியான கிளி புரதத்தில் இருந்தபோது புற்று விரைந்து வளர்ந்தது. ஆகவே, பழுதின் இடமறியாது பிசிரைத் தாக்கும் சிகிச்சை தீங்காகவும் முடியலாம்.

பயன் புலப்படாமையைப் பயனின்மையெனக் கொண்டதனாலேயே சிமர்மானின் ஊகம் உறுதிப்பட ஏறக்குறைய நூறாண்டு சென்றது.